பீரோவிலிருந்து புத்தகங்களை வெளியே எடுத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியோர்களுக்கும் பெற்றோர்களுக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் நம் பள்ளியின் பழைய மாணவர்களுக்கும் அன்பு வணக்கம்.

கல்வியாண்டு முடியப் போகிறது. ஆண்டு விழாவில் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தலாம் என்றால் உங்களில் பாதிப் பேர் கூச்சப்பட்டு வரவே மாட்டீர்கள். அதனால்தான் இந்த மடல். நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் நூலகம் இந்த ஆண்டு நன்றாக நடந்தது. யார் என்ன செய்ததால் நடந்தது என்பது ஊருக்கே தெரிய வேண்டும்.

நம்முடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை நாங்கள் இரண்டு பேர்தான். நூலகர் பணியிடம் கிடையாது, தனி அறையும் கிடையாது. ஆனால் புத்தகங்கள் எப்போதும் இருந்தன. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அரசிடமிருந்து வருகிற புத்தகங்களை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுவதுதான் பல இடங்களில் வழக்கம். இதற்காக ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போகும்போது பதிவேட்டில் இருப்பதை எல்லாம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

எனவே முதல் நன்றி பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவிக்கும் உறுப்பினர்களுக்கும். குழந்தைகள் வாசித்துக் கிழிந்த புத்தகத்துக்கும் தொலைந்த புத்தகத்துக்கும் யாரிடமும் காசு கேட்பதில்லை, ஆண்டு முடிவில் குழுவே பார்த்துக் கையெழுத்திடும் என்று தீர்மானம் போட்டீர்கள். அன்று ஒரு தாய், "கிழியட்டும் டீச்சர், படிச்சாத்தானே கிழியும்" என்றார். அந்தக் கூட்டத்துக்கு அப்புறம்தான் புத்தகங்கள் பிள்ளைகளின் வீட்டுக்குப் போக ஆரம்பித்தன. பணமாகக் கிடைத்த எந்த உதவியையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பக்கத்து ஊர்க் கிளை நூலகத்து நூலகர் சாருக்கு அடுத்த நன்றி. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் நூலகர் சார். சொன்னதோடு நிற்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்த்து, சனிக்கிழமைகளில் தன் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துப் பதிவு எழுதப் பழக்கினார். இந்த இடத்தில் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அந்த நூலகம் உங்கள் பணத்தில் நடப்பது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தயங்காமல் போங்கள்.

தையல்கடை அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! சின்னக் குழந்தைகளுக்கான புத்தகங்கள் மெல்லியவை. நடுவில் இரண்டு பின் அடித்திருக்கும், அவ்வளவுதான். அலமாரியில் வரிசையாக நிறுத்தினால் எது எந்தப் புத்தகம் என்றே தெரியாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தலைப்பு வாசிக்க வராது, அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கும். மிச்சத் துணிகளைச் சேர்த்து அட்டைப் படம் தெரிகிற மாதிரி பைகள் தைத்து, குழந்தைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் நீங்களே மாட்டிவிட்டுப் போனீர்கள். பின் துருப்பிடித்துத் தாள் கழன்ற புத்தகங்களை எல்லாம் வாங்கிப் போய், நூலால் தைத்துக் கொடுத்த அச்சக அண்ணனுக்கும் நன்றி. செல்லோ டேப் ஒட்டினால் நாளானதும் பழுத்துப்போய்ப் பக்கமே வீணாகும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

இப்போது நூலகத்தைப் பிள்ளைகள்தான் நடத்துகிறார்கள். 2023இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று எளிதிலிருந்து கடினம் வரை நான்கு நிலைகளில் வந்தன. மற்றப் புத்தகங்களையும் அதே மாதிரி பிரித்து நிலைக்கொரு நிறத்தில் பொட்டு ஒட்டியது ஐந்தாம் வகுப்பு. எந்தப் பிள்ளையும் எந்த நிறத்தையும் எடுக்கலாம். 'பற' புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படம் மட்டும் பார்க்கிற இரண்டாம் வகுப்புப் பையனைத் தடுப்பதில்லை. ஒரே புத்தகத்தை வாரா வாரம் எடுக்கிறவளையும் விட்டுவிடுகிறோம், அவளுக்கு அதில் ஏதோ இருக்கிறது. கதை முடிந்ததும் நீதி என்ன என்று கேட்பதில்லை. எழுதத் தெரியாத குழந்தைகள் பதிவேட்டில் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட படத்தைப் போடுகிறார்கள். ஒருத்தி குடை, ஒருவன் ஆட்டுக்குட்டி. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வரும் 'ஊஞ்சல்' இதழுக்குத்தான் போட்டி அதிகம். வந்த அன்றே கையெழுத்துப் போட்டு வரிசை பிடித்துவிடுகிறார்கள்.

சத்துணவு சமைக்கும் அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாசிக்கத் தொடங்கும் குழந்தை எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்கும்போது, குறுக்கே திருத்தாமல் கேட்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் இருவரால் எல்லாருக்கும் காது கொடுக்க முடிவதில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாத்திரம் கழுவி முடித்ததும் திண்ணையில் உட்கார்ந்து, "எனக்குப் படிச்சுக் காட்டு சாமி" என்பார். நிறுத்தினால், "அப்புறம் அந்த நரி என்னாச்சு?" என்று நிஜமாகவே கேட்பார். அவர் கேட்கிறார் என்பதற்காகவே திக்கித் திக்கிப் படித்த மூன்று பிள்ளைகள் இன்று தடையில்லாமல் வாசிக்கிறார்கள். பயிற்சித்தாள்களால் இது நடக்கவில்லை, அம்மாவால் நடந்தது. அம்மா, இந்த மடலை உங்கள் பேத்தி உங்களுக்குப் படித்துக் காட்டுவாள்.

வெள்ளிக்கிழமை மதியம் வந்து கதை சொன்ன பாட்டிகளுக்கும் நன்றி. நீங்கள் சொன்னதைப் பிள்ளைகள் எழுதிப் படம் வரைந்து தைத்த கையெழுத்துப் புத்தகங்களுக்கும் பையில் இடம் கொடுத்திருக்கிறோம். ஏரி உடைந்த ராத்திரிக் கதை தாள் நைந்து போகும் அளவுக்குக் கைமாறிவிட்டது. அடுத்த பிரதி எழுத வேண்டும். தினமும் பதினொரு மணிக்கு மேல் நாளிதழைக் கொடுத்தனுப்பும் டீக்கடை அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பழைய மாணவர்களே, நீங்களாக ஒரு பெட்டிப் புத்தகம் வாங்கி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், பிள்ளைகளையே தேர்ந்தெடுக்க விடுங்கள் டீச்சர் என்றீர்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு வேன் பிடித்துக் கொடுத்து, ஆளுக்குக் கொஞ்சம் பணமும் தந்தீர்கள். பேய்க் கதை, விடுகதை, பாம்புகளைப் பற்றிய புத்தகம் என்று பெரியவர்கள் வாங்கவே மாட்டாதவற்றைப் பிள்ளைகள் பேரம் பேசி வாங்கினார்கள். இன்றைக்குப் பையில் தங்காமல் சுற்றுவது அவைதான். வீட்டிலிருந்த போட்டித் தேர்வுக் கையேடுகளைத் தந்தவர்களுக்கும் நன்றி. அவற்றைக் கிளை நூலகத்தில் சேர்த்திருக்கிறோம், வேலைக்குத் தயாராகும் நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

மே மாத விடுமுறையிலும் நூலகம் திறந்திருக்கும். திங்கள், வியாழன் மாலை நான்கு முதல் ஐந்தரை வரை மேலாண்மைக் குழுவின் இரண்டு தாய்மார்கள் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களும் வந்து எடுக்கலாம், அவர்கள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவில்லை. பைகள் இரண்டு இடங்களில் பிரிந்திருக்கின்றன, அக்கா. நேரம் கிடைக்கும்போது ஒரு நடை வந்து பாருங்கள்.

நன்றியுடன்,
தலைமை ஆசிரியை