முருங்கைக்கீரைக்கு 21 நாள் கெடுவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘முருங்கைக்கீரையும் பூசணி விதையும் 21 நாள் சாப்பிடும் பெண்ணுக்குக் கரு தங்கும்’ என்று சென்ற ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். தாங்கள் அறியாததல்ல: ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாள், அது முதிர்ந்து வெளிவர மேலும் ஓரிரு வாரம். இன்று மாற்றிய சாப்பாட்டின் பலன் பரிசோதனையில் தெரிய மூன்று மாதமாகும்.

அதென்ன, ‘பெண்ணுக்கு’? பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆண் பக்கமும் குறை உண்டு. விந்தணுவின் மேலுறை எளிதில் கெடும் கொழுப்பாலானது. நாள்பட்ட கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதுபோல அதுவும் கெடும். பீடியும் சூடும் அதற்குத் துணை. விதைப்பை உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். ராணிப்பேட்டைத் தோல் பட்டறையில் கொதிகலன் பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் இணைப்பு என்றைக்காவது ஒரு வரி எழுதியதுண்டா?

எழுதியதெல்லாம் துத்தநாக மாத்திரைப் புராணம். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 2,370 தம்பதியர். ஆண்களில் ஒரு பாதிக்கு 6 மாதம், தினமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் (கீரையிலுள்ள ஃபோலேட் சத்தின் மாத்திரை வடிவம்) கொடுத்தார்கள். சத்தில்லாத போலி மாத்திரை விழுங்கிய மறுபாதியைவிடக் குழந்தைப்பேறு கூடவில்லை. வயிற்றுக் கோளாறுதான் கூடியது.

போன ஆடியில் கேழ்வரகுக் கூழையும் விட்டுவைக்கவில்லை, சத்தே இல்லையாம்! கேழ்வரகிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், மெய்தான். மாவைக் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டு, மறுநாள் நொய் போட்டுக் கிளறினால் அது குறைந்துவிடும். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் எங்களூர்ப் பெண்களுக்கு இது கைப்பழக்கம். கூழ் குடித்த கையோடு டீ குடிப்பதுதான் தப்பு. டீயின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் போகட்டும்.

கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் ஃபோலேட்டில் பெரும்பங்கு அதோடு போய்விடும். கொட்டாவிட்டாலும் கீரையை மட்டும் நம்பக் கூடாது. கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், கர்ப்பத்தின் 12 வாரம் வரை. கரு உண்டான 28 நாளுக்குள், சிசுவின் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்ளும். அது சரியாக மூடத்தான் இந்தச் சத்து. நாள் தள்ளிப்போய்ப் பரிசோதிப்பதற்குள் அந்தக் கெடு பெரும்பாலும் முடிந்திருக்கும். முன்பு அந்தக் குழாய் மூடாத குறையோடு பிள்ளை பெற்றவர்களுக்கு 5 மில்லிகிராம், மருத்துவர் சொல்லித்தான்.

இந்த 400 மைக்ரோகிராம் விவரத்தை மட்டும் அடுத்த ஞாயிறு நான்கு வரியில் போடுங்கள். சத்துமாவு விளம்பரத்துக்குக் கீழே இடமிருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
வாசகி, குடியாத்தம்.