கடல் மீன்களைத் தொட்டியில் வளர்க்கும் நம் சங்கத்தின் 2023–24 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2023 முதல் மார்ச் 2024 வரை பதினொரு மாதக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பரில் கூட்டம் இல்லை. மிச்சாங் புயல் என்ன செய்தது என்று சென்னையில் இருக்கும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆறு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், நான்கு பேர் தொட்டியை விற்றுவிட்டு விலகினார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கடல் தண்ணீர் கலக்கும் உப்பான சால்ட் மிக்ஸின் செலவைக் கேட்டுவிட்டு அவரைத் திட்ட வேண்டாம், விலை வைப்பது அவரில்லை.

இந்த வருடம் நம் நேரத்தில் பாதியைத் தின்றது லயன் ஃபிஷ் என்ற விஷமுள் கொண்ட கடல் மீன்தான். கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் கட்டைவிரல் நீளத்துக்குக் குட்டி வந்ததும் மூன்று உறுப்பினர்கள் ஆளுக்கொன்று வாங்கினார்கள். அழகில் குறை சொல்ல முடியாது. விசிறி விரித்தது போன்ற துடுப்பு, சிவப்பும் வெள்ளையுமாக வரிகள், அவசரமே இல்லாத நீச்சல். ஆனால் அது வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும், தன் நீளத்தில் பாதி இருக்கும் மீனைக்கூட விழுங்கும். வேளச்சேரி உறுப்பினர் வீட்டில் இரண்டு நிமோக்கள் (சின்னக் கோமாளி மீன்கள்) காணாமல் போனபோது ஃபில்டருக்குள்ளும் சோபாவுக்கு அடியிலும் தேடினார்கள். லயன் ஃபிஷ்ஷின் வயிற்றைப் பார்த்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

தீனி விஷயத்தில் எல்லோரும் ஒரே தவறைச் செய்தோம், நானும் சேர்த்துத்தான். உயிருள்ள இரையைத் தவிர எதையும் தொடாது என்று மலிவான கோல்டு ஃபிஷ்களைப் போட்டோம். அந்த மீனின் சதையில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். போதாததற்கு நன்னீர் மீனின் கொழுப்பு கடல் மீனுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஈரலில் படியும். மீன் கொழுகொழுவென்று இருக்கும், ஒருநாள் காரணம் தெரியாமல் செத்துக் கிடக்கும். செப்டம்பரில் நம் மூன்றில் ஒன்று அப்படித்தான் போனது. அதன் பிறகு காசிமேட்டு இறாலையும் மீன் துண்டையும் நீளக் குச்சியில் குத்தி, உயிரோடு நீந்துவது போல ஆட்டிக் காட்டிப் பழக்கினோம். ஒன்று ஐந்தே நாளில் வாங்கிக்கொண்டது. இன்னொன்று மூன்று வாரம் முறைத்துக்கொண்டே இருந்தது. வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளை போதும். தினமும் கெஞ்சும், மனம் இளகக் கூடாது.

அக்டோபரில் ஒரு கொட்டு. கண்ணாடியில் படிந்த பாசியைக் கையால் துடைத்த உறுப்பினருக்கு முதுகுத் துடுப்பின் முள் விரலில் ஏறிவிட்டது. முதுகில் மட்டும் பதின்மூன்று முட்கள், எல்லாவற்றிலும் விஷம். வீட்டில் ஒருவர் சுண்ணாம்பு தடவச் சொன்னார், இன்னொருவர் ஐஸ் வைக்கச் சொன்னார். இரண்டும் வேண்டாம். அந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் விரலை வைத்திருக்க வேண்டும். அப்புறம் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். விரல் இப்போது நலம். தொட்டிக்குள் கை விடும்போது மீன் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மிச்சாங் புயலில் பள்ளிக்கரணைப் பக்கம் மூன்று நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே கை விரித்தது. பேட்டரி ஏர் பம்ப் வைத்திருந்தவர்களின் மீன்கள் பிழைத்தன. அது இல்லாத ஒருவர் குடும்பத்தோடு முறைபோட்டு மக்கால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். பட்டினியால் லயன் ஃபிஷ்ஷுக்கு ஒன்றும் ஆகாது, வாரக்கணக்கில் தாங்கும். ஆக்சிஜன்தான் உயிர். புயல் எச்சரிக்கை வந்தவுடன் தீனியை நிறுத்தினால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சும் அதிகம் ஏறாது. சங்கத்தின் சார்பில் நான்கு பேட்டரி பம்புகள் வாங்கியிருக்கிறோம், தேவைப்படுவோர் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம்.

பிப்ரவரிக் கூட்டத்தில் வாக்குவாதம் சூடாகவே போனது. வளர்ந்துவிட்ட மீனை நீலாங்கரைக் கடலில் விட்டால் என்ன, நம் கடல்களிலும் லயன் ஃபிஷ் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கடையில் பல கடல்களின் மீன்களோடு ஒரே தண்ணீரில் கிடந்த மீன் என்னென்ன ஒட்டுண்ணிகளோடு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த மீனே இல்லாத கடலில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. ஃப்ளோரிடாவின் டேனியா கடற்கரை அருகே 1985இல் முதன்முதலாகத் தென்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே காரணம் என்று கருதப்படுகிறது. ஒரு பெண் மீன் ஆண்டுக்கு இருபது லட்சம் முட்டை போடும். இன்று கரீபியன் முழுக்க அதுதான் ராஜா. அதனால் கடலில் விடுவதில்லை என்று தீர்மானம் போட்டோம். எதிர்ப்பு இரண்டு வாக்குகள்.

புதிய உறுப்பினர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். உயிருள்ள பவளம், கடற்குதிரை, ராட்சதக் களவா மீன் எல்லாம் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த 'ஒரிஜினல்' பவளப் பாறை என்று யாராவது விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

மிச்சமிருக்கும் இரண்டு லயன் ஃபிஷ்களில் ஒன்றின் சொந்தக்காரர் மே மாதம் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறார். தற்காலிகமாக என் வீட்டில் வைத்திருக்கிறேன். என் தொட்டி 200 லிட்டர்தான், அந்த மீனுக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். இப்போதே முக்கால் அடி இருக்கிறது, குச்சியில் இறால் தின்னும், சாதுவானது. பெரிய தொட்டி வைத்திருப்பவர், சின்ன மீன் எதுவும் இல்லாதவர், இன்று டீ முடிவதற்குள் என்னிடம் பேசவும்.

செயலாளர்