காகிதக் கொள்முதலில் ஆலைகளின் சுற்றுச்சூழல் செயல்பாட்டையும் கணக்கில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
காகித ஆலை, அச்சகம், கழிவுநீர் ஆய்வகம் ஆகியவற்றில் பணிபுரிவோர்
(பெயர், கையொப்பம் இணைப்பில்),
ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்கள்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை,
சென்னை.

பொருள்: காகித ஒப்பந்தப்புள்ளிகளில் ஆலையின் தண்ணீர், கழிவுநீர், வெளுப்பு முறை, மூலப்பொருள் விவரங்களை எண்ணாகக் கேட்டு, விலையோடு சேர்த்து மதிப்பிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, பிரிவு 10.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். அரசுக்குக் காகிதம் வாங்கும்போது பொதுவாக ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை), வெண்மை, விலை ஆகிய மூன்றும் பார்க்கப்படுகின்றன. அதே காகிதத்துக்காக ஆலை எவ்வளவு தண்ணீர் எடுத்தது, ஆற்றிலோ வயலிலோ எதை விட்டது என்ற கேள்வி, மிஞ்சிப்போனால் "ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழ் நகல் இணைக்கவும்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சில எண்களைக் கேட்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அந்த எண்களை ஆலைகள் ஏற்கெனவே வேறு அலுவலகங்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. புதிதாக ஆய்வு எதுவும் தேவையில்லை.

சான்றிதழ் ஏன் போதாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஐ.எஸ்.ஓ. 14001 என்பது நிர்வாக முறைக்கான சான்று. டன்னுக்கு இத்தனை கிலோவுக்கு மேல் கழிவு போகக்கூடாது என்ற வரம்பு எதுவும் அதில் கிடையாது. மோசமான ஆலையும் "ஆண்டுக்கு இரண்டு சதவீதம் குறைப்போம்" என்று இலக்கு எழுதி அதை வாங்கிவிடலாம். எஃப்.எஸ்.சி. சான்று மரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லுமே தவிர, கூழ் எப்படி வெளுக்கப்பட்டது என்பதைச் சொல்லாது. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: நிறுவனத்திடம் சான்று இருப்பதாலேயே உங்களுக்கு வந்த ரீல் சான்று பெற்றதாகிவிடாது. அந்தச் சரக்கின் விலைப்பட்டியலில் சான்று எண்ணும் வகையும் அச்சாகியிருந்தால்தான் செல்லும். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றின் நகலைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டாம்.

கேட்க வேண்டிய ஆவணங்கள் மூன்று. ஒன்று, படிவம் 5. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-இன் 14-ஆம் விதிப்படி, இசைவாணை (ஆலையை இயக்க வாரியம் தரும் அனுமதி) பெற்ற ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் மாசு கட்டுப்பாடு வாரியத்துக்குக் கொடுக்க வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கை இது. டன் உற்பத்திக்கான தண்ணீர், மூலப்பொருள் செலவு, வெளியேறிய மாசு, அபாயகரக் கழிவு, கசடு எல்லாம் இதில் இருக்கும். இரண்டு, நடப்பில் உள்ள இசைவாணை. ஒரு நாளில் எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு கழிவுநீர், அது எங்கே விடப்படும் என்பது இதில் வரும். மூன்று, தொடர் கண்காணிப்புக் கருவிகளின் பதிவு. காகித ஆலை அதிகம் மாசுபடுத்தும் 17 தொழில் வகைகளில் ஒன்று என்பதால், கழிவுநீர் வெளியேறும் வாயில் இக்கருவிகள் பொருத்தப்பட்டு, அளவுகள் வாரியத்துக்கு நேரடியாகப் போகின்றன. மூன்று ஆண்டுப் படிவம் 5-ம் பன்னிரண்டு மாதக் கருவிப் பதிவும் கேட்டால் போதும்.

இந்த ஆவணங்களைப் படிப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கைப் பார்த்து "வரம்புக்குள் இருக்கிறது" என்று டிக் அடித்துவிடுகிறார்கள். தண்ணீரை அதிகம் ஊற்றினால் மில்லிகிராம் தானே குறையும். ஒரு ஆலையின் கழிவுநீரில் சி.ஓ.டி. (கழிவை ரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்; மாசின் அளவுகோல்) லிட்டருக்கு 200 மில்லிகிராம்; டன் காகிதத்துக்கு 100 கிலோலிட்டர் விடுகிறது. இன்னொன்றில் 300 மில்லிகிராம், ஆனால் 40 கிலோலிட்டர்தான். முதல் ஆலை டன்னுக்கு 20 கிலோ விடுகிறது, இரண்டாவது 12 கிலோ. தாளில் நல்லதாகத் தெரிவது முதல் ஆலைதான்! ஆகவே எல்லா எண்ணையும் "டன் காகிதத்துக்கு எத்தனை கிலோ" என்ற அளவில் மட்டுமே கேட்க வேண்டும்.

கொடுத்த எண் உண்மையா என்பதை உங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து ஓரளவு சரிபார்க்க முடியும். தண்ணீரை எடுத்துக்கொள்வோம். டன்னுக்கு 40 கிலோலிட்டர் எடுத்ததாகவும் 15 மட்டுமே வெளியே விட்டதாகவும் ஆலை எழுதுகிறது. மீதி 25 எங்கே? தண்ணீரைப் பிழியும் பிரஸ் பகுதியைத் தாண்டி, சூட்டில் உலர்த்தும் டிரையருக்குள் நுழையும் தாளில் ஈரம் 55 சதவீதம் அளவுக்கு இருக்கும். அதை 5 சதவீதத்துக்குக் கொண்டுவர, டன் காகிதத்துக்கு ஆவியாகும் தண்ணீர் ஏறத்தாழ 1.1 டன்தான். குளிர்விப்புக் கோபுரத்துக்கும் சொந்த மின்நிலையத்துக்கும் இன்னும் சில கிலோலிட்டர் போகலாம். எல்லாம் சேர்த்தும் 25 வராது. ஒன்று, கழிவுநீர் மீட்டரைச் சுற்றி வேறு குழாய் போகிறது. அல்லது தோட்டத்துக்கு விடுவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. விளக்கம் கேட்க இது போதுமான காரணம்.

கருவிப் பதிவிலும் கண் வேண்டும். சி.ஓ.டி. அளவு நாள் கணக்கில் ஒரே கோடாகப் படுத்திருந்தால், உணர்கருவி நல்ல தண்ணீர் வாளிக்குள் இருக்கிறது என்றோ, பழுதாகிவிட்டது என்றோ கொள்ளலாம். ஓடும் ஆலையின் கழிவுநீர் அப்படி நிற்காது. மெஷின் துணி மாற்றும் நாளில், கூழ் ரகம் மாறும் நேரத்தில் ஏறி இறங்கியே தீரும்.

ரசாயனக் கொள்முதல் இன்னும் நன்றாகப் பேசும். மரத்தையோ கரும்புச் சக்கையையோ வேகவைத்தால் அதில் பாதி அளவு கரைந்து பிளாக் லிக்கர் என்ற கறுப்புக் கழிவுத் திரவமாகப் போகிறது. அதைக் கெட்டியாக்கி ரெக்கவரி பாய்லரில் எரிக்கும் ஆலை, வேகவைக்கப் பயன்படுத்திய காரத்தில் (காஸ்டிக் சோடா போன்றவை) 95 சதவீதத்துக்கு மேல் திரும்ப எடுத்துவிடும்; குறைவை ஈடுகட்ட மட்டும் சிறிது வாங்கும். ரெக்கவரி இல்லாத ஆலை டன் கூழுக்கு 200 கிலோவுக்கு மேல் காஸ்டிக் சோடா வாங்கியாக வேண்டும். கரும்புச் சக்கை, வைக்கோல் ஆலைகளில் சிலிக்கா அதிகம் என்பதால் லிக்கரைக் கெட்டியாக்கும் எவாப்பரேட்டர் குழாய்களில் படிவு கட்டி, ரெக்கவரி அடிக்கடி நிற்கும். நின்ற நாட்களில் லிக்கர் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில், ஆண்டு காஸ்டிக் கொள்முதலை ஆண்டுக் கூழ் உற்பத்தியால் வகுத்தால் கிடைத்துவிடும்.

வெளுப்பும் அப்படியே. தனிமக் குளோரின், ஹைப்போ (ஹைப்போகுளோரைட்), குளோரின் டை ஆக்சைடு ஆகிய மூன்றும் டன் கூழுக்கு எத்தனை கிலோ என்று தனித்தனியே கேட்க வேண்டும். குளோரின் சேர்ந்த கரிமக் கழிவான ஏ.ஓ.எக்ஸ். உத்தேசமாக எவ்வளவு வரும் என்பதற்கு ஆலைகளில் புழங்கும் ஒரு கட்டைக் கணக்கு உண்டு: செயல்குளோரின் அளவில் (வெளுக்கும் திறனைக் குளோரினுக்குச் சமமாக மாற்றிய எடையில்), குளோரினை முழுதாகவும் ஹைப்போவைப் பாதியாகவும் டை ஆக்சைடை ஐந்தில் ஒரு பங்காகவும் கூட்டி, பத்தில் ஒரு பங்கு எடுப்பது. 40 கிலோ குளோரினுக்கு 4 கிலோ ஏ.ஓ.எக்ஸ்.; அதே 40 கிலோ டை ஆக்சைடாக இருந்தால் 0.8 கிலோ. இது சுத்திகரிப்புக்கு முன் உள்ள அளவு. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் 2003-ஆம் ஆண்டுச் சாசனம் பெரிய ஆலைகளுக்கு வைத்த இலக்கு, டன் காகிதத்துக்கு 1 கிலோ. 40 கிலோ குளோரின் வாங்கிக்கொண்டு "ஏ.ஓ.எக்ஸ். 0.5" என்று எழுதும் ஆலையை நம்புவது கடினம்.

கழிவுநீரைப் பாசனத்துக்கு விடும் ஆலையாக இருந்தால், சி.ஓ.டி. மட்டும் பார்த்துப் பயனில்லை. உப்பு பார்க்க வேண்டும். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கூடவே சோடியம் விகிதத்தையும் (கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்ட சோடியத்தின் அளவு) கேட்க வேண்டும். காவிரிக் கரையிலும் நொய்யல் கரையிலும் விவசாயம் செய்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கூழை வெளியே வாங்கும் ஆலைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மூட்டை மூட்டையாக இறக்குமதிக் கூழ் வாங்கிக் கரைத்துத் தாள் போடும் ஆலையின் வாசலில் தெளிந்த நீர்தான் ஓடும். அதன் அழுக்கு வேறொரு நாட்டு ஆற்றில் இருக்கிறது. ஐரோப்பிய ஆலைகள் பயன்படுத்தும் 'பேப்பர் புரொபைல்' என்ற அறிவிப்புப் படிவத்தில், வாங்கிய கூழின் சி.ஓ.டி., ஏ.ஓ.எக்ஸ். அளவுகளையும் கூட்டியே காட்ட வேண்டும் என்று இருக்கிறது. அதே முறையை இங்கும் வைக்க வேண்டும். கூழ் விற்றவரிடமிருந்து எண் வரவில்லை என்றால், அந்தப் பங்குக்கு மோசமான எண்ணையே வைத்துக் கணக்கிட வேண்டும்.

மறுசுழற்சிக் காகிதத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு முழு மதிப்பெண் கொடுப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. அச்சடித்த பழைய காகிதத்தில் மை நீக்கினால், ரகத்தைப் பொறுத்துக் கால் பங்குக்கு மேல் கசடாகப் போகிறது. இறக்குமதி வேஸ்ட் பேப்பர் பேல்களில் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வருகிறது. கசடும் பிளாஸ்டிக்கும் சிமெண்ட் ஆலைக்குப் போனதற்கான ரசீது இருக்கிறதா, அல்லது பக்கத்துக் குட்டையில் கிடக்கிறதா என்பதைப் பார்த்தே மதிப்பெண். அதே சமயம், சாதாரணப் படிவம், பதிவேடு, உறை ஆகியவற்றுக்குக் கூட "100 சதவீதம் புதிய கூழ்" என்று நிபந்தனை போட்டு மறுசுழற்சி ஆலைகளை வாசலிலேயே நிறுத்துவது சரியல்ல.

இங்கே வாங்குபவரின் பங்கையும் சொல்லியாக வேண்டும். காகிதம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று வெண்மையை 90-க்கு ஏற்றிக் கேட்பதும் மாசுக்கு ஒரு காரணம். 80 வரை எளிதாக வரும் வெண்மை, கடைசிச் சில புள்ளிகளுக்குத்தான் ரசாயனத்தை அள்ளிக் குடிக்கிறது; கூழும் வீணாகிறது. அதையும் பலர் நீல ஒளி வீசும் பிரகாசிப்பான் சாயம் போட்டே எட்டிவிடுகிறார்கள். புற ஊதா ஒளியை வடிகட்டி அளந்து பார்த்தால் அந்த வெண்மை இறங்கிவிடும். அலுவலகப் படிவத்துக்கு 80 வெண்மை தாராளம், கண்ணுக்கும் கூச்சமில்லை. ஜி.எஸ்.எம். விஷயமும் அதுபோலத்தான். 80-இலிருந்து 70-க்கு வந்தால் அதே எண்ணிக்கைத் தாளுக்கு எடை எட்டில் ஒரு பங்கு குறையும். இரண்டு பக்கமும் அச்சடிக்கும் வேலைக்கு மட்டும், மறுபக்க எழுத்து தெரியாதபடி ஒளிபுகாத் தன்மையைத் தனியாகக் குறிப்பிட்டால் போதும்.

இனி மதிப்பீட்டு முறை. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, ஒப்பந்த ஆவணத்தில் குறிப்பிட்ட, எண்ணால் அளக்கக்கூடிய காரணிகளுக்கு உரிய எடை கொடுத்துக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியைக் கண்டறிய இடம் தருகிறது. ஆகவே புதுச் சட்டம் தேவையில்லை. ஆனால் காரணியும் அதன் எடையும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும், உறை பிரித்த பிறகு சேர்க்க முடியாது. நாங்கள் பரிந்துரைப்பது "ஒப்பீட்டு விலை" முறை. உதாரணமாக, சி.ஓ.டி. டன்னுக்கு 10 கிலோ என்று அடிப்படை வைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 200 ரூபாயை ஒப்பீட்டுக்காக மட்டும் ஏற்றுவது. மேலே சொன்ன முதல் ஆலை 70,000 ரூபாய் கேட்டால் ஒப்பீட்டு விலை 72,000. இரண்டாவது ஆலை 71,500 கேட்டால் 71,900. ஒப்பந்தம் இரண்டாவதற்குப் போகும். பணம் அது கேட்ட 71,500-தான். ஏ.ஓ.எக்ஸ்., நன்னீர், கசடு ஆகியவற்றுக்கும் இப்படியே. இந்தத் தொகைகள் விளக்கத்துக்காகச் சொன்னவை. ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டத்தில் ஆலைகளோடு பேசி நிர்ணயிக்கலாம். தொழில்நுட்ப விவரமும் விலையும் தனித்தனி உறையில் வரும் இரண்டு உறை முறையில் இந்த எண்கள் தொழில்நுட்ப உறையிலேயே வந்துவிட வேண்டும்.

சட்டம் போட்ட வரம்பை மீறியவர், மூடல் உத்தரவு நிலுவையில் இருப்பவர் ஆகியோருக்கு இந்த ஏற்றுத்தொகை (ஒப்பீட்டுக்காக ஏற்றும் தொகை) பேச்சே வேண்டாம், தகுதியில்லை. அரசு நிறுவன ஆலைக்கும் இதே படிவம்தான். கரும்புச் சக்கையில் செய்கிறோம் என்பதற்காகத் தனிச் சலுகை கேட்கக்கூடாது, எண் நன்றாக இருந்தால் தானாக முன்னுக்கு வரும். சிறு ஆலைகளுக்கு முதல் ஆண்டு மட்டும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும், ஏற்றுத்தொகை இரண்டாம் ஆண்டிலிருந்து என்று வைக்கலாம்.

வியாபாரி வழியாக வாங்கும்போதுதான் எல்லாம் கைநழுவும். ஒப்பந்தத்தில் ஒரு ஆலையின் பெயர், லாரியில் வேறு ஆலையின் சரக்கு. ஆலை, மெஷின் எண் இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி, வரும் ஒவ்வொரு ரீலின் சீட்டிலும் ஆலைப் பெயர், ரீல் எண், தயாரித்த நாள் இருக்கிறதா என்று கிடங்கில் பார்த்து, பத்தில் ஒரு ரீலின் எண்ணை ஆலைக்கே அனுப்பி உறுதி செய்ய வேண்டும். அச்சகமே காகிதம் போட்டுத் தரும் வேலைகளுக்கும் இந்த நிபந்தனை பொருந்த வேண்டும். இல்லையென்றால் மோசமான காகிதம் அந்த வழியாக உள்ளே வந்துவிடும். கொடுத்த எண் பொய் என்று தெரிந்தால், ஒப்பீட்டில் கிடைத்த சலுகைத் தொகையை, அவருக்குத் தர வேண்டிய விலைப்பட்டியல் தொகையில் பிடித்துக்கொண்டு, அடுத்த இரண்டு ஒப்பந்தங்களுக்கு விலக்கிவைக்க வேண்டும்.

இரண்டு பக்க மாதிரிப் படிவமும், மேற்கண்ட சரிபார்ப்புகளைச் செய்யும் கணக்குத்தாளும் இத்துடன் இணைத்துள்ளோம். அடுத்த காகித ஒப்பந்தத்தில், ஒரே ஒரு ரகத்துக்கு மட்டுமாவது இதைச் சோதனையாக நடைமுறைப்படுத்துமாறும், அதற்கு முன் எங்கள் பிரதிநிதிகள் நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இடம்: ஈரோடு

இணைப்பு: மாதிரிப் படிவம், கணக்குத்தாள், கையொப்பப் பட்டியல்

நகல்:
அரசுச் செயலாளர், நிதித் துறை, சென்னை.
மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம், சென்னை.
உறுப்பினர் செயலர், தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம், சென்னை.