நிறத்தை வைத்துத் தவளை இனத்தைப் பிரிக்கலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் மாணவர் பக்கத்தில் வெளியான ஆப்பிரிக்க நாணல் தவளைகள் பற்றிய கட்டுரையில், வெள்ளைக் கோடிட்டது, செம்புள்ளியிட்டது, வெறும் பழுப்பு நிறத்தது என மூன்று படங்களை அச்சிட்டு, அவை மூன்றும் தனித்தனிச் சிற்றினங்கள் என்றும், ஏற்காட்டிலும் இவை உண்டு என்றும் குறித்திருந்தீர்கள். நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் இவ்விரண்டையும் திருத்துமாறு வேண்டுகிறேன்.

நாணல் தவளைகள் அடங்கிய ஹைப்பரோலியஸ் பேரினத்தில் நிறத்தைப் போல ஏமாற்றும் அடையாளம் வேறில்லை. வண்ண நாணல் தவளையின் குஞ்சுகள் பழுப்பாகவே இருக்கும். முதிர்ந்து இணையை அழைக்கும் ஆண்களிலும் சில அந்தப் பழுப்பு மாறாமலே இருந்துவிடும். பெண்களோ பளிச்சென்ற கோலம் பூணும். எனவே தாங்கள் அச்சிட்ட பழுப்புத் தவளை, பக்கத்துப் படத்திலுள்ளதன் குஞ்சாகவே இருக்கக்கூடும். இடத்துக்கு இடமும் கோலம் மாறுவதால், 1841இல் விரிடிஃபிளாவஸ் என்றும் 1842இல் மார்மோரேட்டஸ் என்றும் தொடங்கிய சிற்றினப் பெயர்கள் பின்னர் பல்கிப் பெருகின. அவற்றையெல்லாம் ஒரே சிற்றினத்தின் கிளைகளாக அடக்கியோரும் உண்டு. மரபணு ஆய்வுக்குப் பின் பல சிற்றினங்களாகப் பிரித்தோரும் உண்டு. டென்மார்க்கின் தவளை ஆய்வாளர் ஆர்னே ஷியோட்ஸ், ஆப்பிரிக்கச் சதுப்புகளில் இரவுதோறும் இவற்றின் குரலைப் பதிவு செய்து, வகைப்பாட்டுக்குக் குரலையே முதன்மைச் சான்றாகக் கொண்டார். இவ்வளவு உழைப்புக்குப் பின்னும் முடியாத வழக்கை மூன்று படங்கள் தீர்த்துவிட முடியாது.

பரவலைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. நாணல் தவளைக் குடும்பம் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலும், மடகாஸ்கரிலும், சீஷெல்ஸிலும் மட்டுமே வாழ்வது. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத் தொட்டிகளருகே நாம் காண்பது பாலிபெடேட்ஸ் மாகுலேட்டஸ் என்னும் மரத்தவளை. நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி அதில் முட்டையிடுவது. அதன் குடும்பம் வேறு. வியப்பு என்னவெனில், ஆப்பிரிக்காவில் நுரைக்கூடு கட்டும் கைரோமாண்டிஸ் தவளை, அங்குள்ள நாணல் தவளையைவிட நம் ஏற்காட்டுத் தவளைக்கே நெருங்கிய உறவு.

ஆப்பிரிக்காவுக்குள்ளும் இவை வாழும் எல்லை நிலையானதன்று. தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரிய வண்ண நாணல் தவளை, கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் நெடுந்தொலைவிலுள்ள மேற்குக் கேப் மாநிலத்திலும் குடியேறிவிட்டது; உழவர்கள் வெட்டிய நீர்த்தேக்கங்களும், மனிதர் அறியாமல் சரக்கோடு எடுத்துச் சென்றதும் இதற்குக் காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். ஆகவே படம் எங்கே, எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து அச்சிட்டால்தான் அது சான்றாகும்.

மாணவர்கள் அப்பக்கத்தை வெட்டி ஏட்டில் ஒட்டி வைப்பவர்கள். அடுத்த ஞாயிறே அதே பக்கத்தில் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.