ஒற்றைச் செயின்ரிங் மாற்றத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு பழைய பாகங்களைப் பூட்டித் தந்தது தொடர்பான புகார்

முகாமையாளர்,
சைக்கிள் விற்பனை, திருத்த வேலைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

என்னுடைய தூரப் பயணச் சைக்கிளை முன்பக்கம் ஒரே செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பற்சக்கரம்) உள்ளதாக மாற்றித் தரும்படி உங்கள் வேலைத்தளத்தில் ஒப்படைத்திருந்தேன். செயினை இறுக்கிப் பிடிக்கும் 34 பல் நெரோ-வைட் செயின்ரிங், 11-46 கசெட் (11 பல்லிலிருந்து 46 பல் வரையான பின் பற்சக்கரத் தொகுதி), கிளட்ச் உள்ள பின் டிரெயிலியர் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் கருவி), புதுச் செயின், வேலைக் கூலி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிப் பற்றுச்சீட்டு தந்தீர்கள். பணம் முழுவதையும் கட்டிவிட்டேன்.

ஆனால் சைக்கிளில் இருப்பது வேறு. முன்னாலிருந்த மூன்று ரிங்குகளில் 48ஐயும் 26ஐயும் கழற்றிவிட்டு, நடுவிலிருந்த பழைய 36ஐ அப்படியே விட்டிருக்கிறீர்கள். பின்னால் 11-42 கசெட். டிரெயிலியர் நான் கொண்டுவந்த அதே டிரெயிலியர். செயினும் அப்படித்தான். தேய்மானம் பார்க்கும் அளவுகோலைப் போட்டால், தேய்ந்த செயினில் மட்டும் இறங்கும் 0.75 பக்கம் உள்ளே இறங்குகிறது; புதுச் செயினில் அது இறங்காது. இரண்டு ரிங்கைக் கழற்றத்தான் வேண்டுமென்றால் என் வீட்டிலுள்ள அலன் சாவியே போதும். டாம் வீதியில் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டியும் இருக்கலாம். பொறுப்பு ஓரிடத்தில் இருக்கட்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

காலி வீதியில் ஓடும்வரை எதுவும் தெரியவில்லை. சமதரை, சுமையும் இல்லை. அப்புறம் பைகளைக் கட்டிக்கொண்டு ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குப் புறப்பட்டேன். அவிசாவளை தாண்டி ரோட்டு கெட்டிருந்த இடத்தில் செயின் முதலில் கழன்றது. பிறகு குழி கண்ட இடமெல்லாம் கழன்றது. கித்துல்கல கழிந்து கினிகத்தேனை ஏற்றத்தில் பின்னாலுள்ள பெரிய பல்லுக்கு மாற்றினால், டிரெயிலியரின் மேல் சில்லு கசெட்டில் உரசிக் கரகரத்தது. பின்னால் லொறி ஏறி வரும்போது செயின் கழன்று பெடல் வெறுமனே சுற்றினால் சைக்கிள்காரனின் கதி என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சைக்கிளை ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினேன்.

இதைச் சொல்ல வந்தபோது உங்கள் வேலைத்தளப் பொறுப்பாளர் சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "சிங்கிள் ரிங் தூரப் பயணத்துக்குச் சரிவராது அண்ணை, அது மலைச் சைக்கிளுக்குத்தான்" என்றார். கேட்டது நான், ஆகவே பிழை நான் கேட்டதில்தான் என்பது அவர் கணக்கு.

அப்படியல்ல. மூன்று ரிங் கிராங்கில் வரும் நடு ரிங்கில் சில பற்கள் வேண்டுமென்றே குட்டையாக வெட்டப்பட்டிருக்கும், பக்கவாட்டில் ஊசிகளும் சரிவுகளும் இருக்கும். கியர் மாற்றும்போது செயின் லேசாக விட்டுப் போகவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். முன் டிரெயிலியர் இருக்கும்வரை அது செயினுக்கு ஒரு வேலி மாதிரி நிற்கும். அதையும் கழற்றிவிட்டு, விட்டுக் கொடுப்பதற்கென்றே செய்த ரிங்கில் செயினை ஓடவிட்டால் அது விழாமல் என்ன செய்யும்? நெரோ-வைட் ரிங்கில் தடித்த பல்லும் மெல்லிய பல்லும் மாறி மாறி வருவதால், செயினின் அகன்ற இடைவெளியும் ஒடுங்கிய இடைவெளியும் அவற்றில் இறுக்கமாக உட்காரும். பின் டிரெயிலியரின் கிளட்ச் கீழ்ச் செயினைத் துள்ளவிடாது. ஸ்ராம் நிறுவனம் 2012இல் எக்ஸ்எக்ஸ்1 என்ற ஒற்றை ரிங் கியர்த் தொகுதியைக் கொண்டுவந்தபோதே, முன்னால் காவல் இல்லாமலும் செயின் நிற்கும் என்பது தெரிந்துவிட்டது. நீங்கள் தராமல் விட்டவை சரியாக அந்த இரண்டு பாகங்கள்தான்.

உரசல் சத்தத்துக்கும் காரணம் இருக்கிறது. 34 பல் கசெட்டோடு வந்த டிரெயிலியரை 42 பல்லுக்குக் கீழே தொங்கவிட்டு, டிரெயிலியரைக் கசெட்டிலிருந்து தள்ளிவைக்கும் பி-டென்ஷன் ஸ்க்ரூவை முடியும்வரை முறுக்கியிருக்கிறார்கள். ஸ்க்ரூவில் இனித் திருப்ப இடமே இல்லை. ஷிமானோ நிறுவனத்தின் 10 கியர் டியோரே பாக வரிசையிலேயே 11-46 கசெட் இருக்கிறது, அதற்குப் பொருந்தும் கிளட்ச் டிரெயிலியரும் இருக்கிறது. இல்லாத பொருளை நான் கேட்கவில்லை.

இனிக் கியர் கணக்கு. என் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். பழைய அமைப்பில் 26க்கு 34 (முன்னால் 26 பல், பின்னால் 34 பல்) போட்டால் பெடலின் ஒரு சுற்றுக்கு 1.68 மீட்டர் நகரும். 34க்கு 46 என்றால் 1.63 மீட்டர், ஏற்றத்துக்கு இன்னும் இலகு, அதற்காகத்தான் இந்த மாற்றம். இப்போது இருக்கும் 36க்கு 42இல் 1.89 மீட்டர். பணம் கொடுத்து முன்பைவிடப் பாரமான கியரை வாங்கியிருக்கிறேன்! பள்ளத்தில் வேகம் குறையும் என்று முன்பே எச்சரித்தீர்கள், அது நியாயமான எச்சரிக்கைதான். 34க்கு 11இல் பெடலை நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 37 கிலோமீட்டர் போகலாம், பை கட்டியவனுக்கு அதற்கு மேல் எதற்கு?

ஆகவே, பற்றுச்சீட்டில் எழுதிய பாகங்களை மேலதிகக் கட்டணம் இல்லாமல் பூட்டித் தாருங்கள். தேய்ந்த செயின் ஓடிய கசெட் எனக்கு வேண்டாம், 11-46ஐப் புதிதாகப் போடுங்கள். கினிகத்தேனையிலிருந்து சைக்கிளை ஏற்றிவந்த லொறிக் கூலியும் உங்கள் பொறுப்பு; அதன் பற்றுச்சீட்டையும் செயின்ரிங், டிரெயிலியர் படங்களையும் இணைத்திருக்கிறேன். பாகங்கள் கைவசம் இல்லை என்றால் மாதக்கணக்கில் காக்கவைக்காமல் பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

பதிலை எழுத்தில் இரண்டு வாரத்துக்குள் எதிர்பார்க்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். அந்தக் காலத்தைத் தொலைபேசிப் பேச்சில் கடத்திவிட நான் தயாரில்லை.

கழற்றிய 48, 26 ரிங்குகளும் முன் டிரெயிலியரும் என்னுடையவை. அவை இன்னும் உங்கள் வேலைத்தளத்தில்தான் இருக்கின்றன, சைக்கிளோடு சேர்த்துத் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.