பிறப்பைப் பதிகிறீர்கள், இறப்பையும் பதியுங்கள்: பூனை இனப் பதிவேடுகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பூனை இனப் பதிவேடுகளை நடத்தும் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கும், அவற்றின் கீழ் இயங்கும் வளர்ப்போர் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

வீட்டில் வளர்க்க இனப்பூனை வாங்க நினைப்பவர்கள், இனம் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொல்லும் எங்களிடம் முதலில் கேட்பது, "எந்த இனம் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்கும்?" என்பதைத்தான். சிலர் முன்பணமும் கொடுத்துவிட்டு, நீங்கள் வழங்கிய வம்சாவளிச் சான்றிதழைக் கையில் பிடித்தபடி கேட்கிறார்கள். அதில் பல தலைமுறைப் பெயர்கள், ரோமத்தின் நிறம், கண்ணின் நிறம், கண்காட்சியில் வாங்கிய பட்டங்கள் எல்லாம் பிழையில்லாமல் அச்சாகியிருக்கின்றன. ஆனால் அந்தப் பாட்டன் பூனை எத்தனை வயதில் செத்தது, எதனால் செத்தது, தாய்க்கும் தகப்பனுக்கும் இதய ஸ்கேன் எடுத்தார்களா என்று கேட்டால், அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. கேட்டவருக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான்.

இனப்பூனைகளில் பல நோய்கள் பரம்பரையாக வருகின்றன என்ற பின்னணியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனவே நேராகக் கோரிக்கைக்கு வருகிறோம். தாய், தகப்பன் இரண்டின் பரம்பரை நோய்ப் பரிசோதனை முடிவும் இல்லாமல் எந்த ஈற்றுக் குட்டிகளையும் பதிவு செய்யாதீர்கள். பதிவு செய்த பூனை இறந்தால், இறந்த வயதையும் காரணத்தையும் அதே பதிவேட்டில் ஏற்றுங்கள். இரண்டையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வையுங்கள்.

இறப்புப் பதிவை இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம் இதயத்தசைத் தடிப்பு நோய். பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் இதுதான் மிகப் பரவலானது. மெய்ன் கூன் இனத்தில் இதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றம் 2005-இலும், ராக்டால் இனத்தில் வேறொரு மாற்றம் 2007-இலும் கண்டறியப்பட்டன. கன்னத்தின் உட்புறத்தை ஒரு குச்சியால் தடவி எடுத்தாலே பரிசோதனைக்குப் போதும். ஆனால் அந்த முடிவு நல்லதாக வந்தாலும் இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இன்னும் கண்டுபிடிக்கப்படாத மரபணு மாற்றங்களாலும் இதே நோய் வருகிறது. அதனால்தான் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பூனைக்கு ஆண்டுதோறும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். இடது கீழறையின் சுவர் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால், ரத்த அழுத்தம், தைராய்டு போன்ற வேறு காரணம் ஏதும் இல்லாதபோது, இந்த நோய்தான் என்று முடிவு செய்வார்கள்.

சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. கடுவன், அதாவது ஆண் பூனை, ஒரு வயதிலேயே இணைசேர்க்கைக்கு வந்துவிடுகிறது. அப்போது எடுத்த ஸ்கேனில் குறை தெரியாமல் போகலாம். நோய் தலைகாட்டுவதற்குள் அதன் குட்டிகள் ஊரெல்லாம் விற்றுப்போய், அவற்றில் சில குட்டியும் போட்டிருக்கும். அதுவரை அந்தப் பூனை நன்றாகத் தின்னும், விளையாடும். ஸ்டெதஸ்கோப்பில் முணுமுணுப்புக்கூடக் கேட்காமல் போகலாம். ஆனால் உள்ளே சுவர் தடித்து, மேலறை விரிந்து, அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி ஒருநாள் கிளம்பி, வயிற்றுப் பெருந்தமனி பின்னங்கால்களுக்குப் பிரியும் இடத்தில் போய் அடைக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் கேட்பது திடீரென்று எழும் ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் பூனை முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு வரும். பின்பாதங்கள் சில்லிட்டிருக்கும். ரோஜா நிறத்தில் இருந்த பாதத் திண்டுகள் வெளுத்தோ நீலம் பாரித்தோ போயிருக்கும். தொடையின் உட்புறம் விரலை வைத்தால் நாடி கிடைக்காது. எங்கிருந்தோ விழுந்து முதுகு ஒடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே போனால், வலி பொறுக்காமல் துடிக்கும் பூனையைக் கருணைக்கொலை செய்யலாமா என்ற பேச்சுத்தான் பல நேரம் நடக்கிறது. பிழைத்தவற்றுக்கும் மறுபடி கட்டி உண்டாகும் அபாயம் உண்டு.

அந்தப் பூனையின் தகப்பனும் நாலு வயதில் இப்படித்தான் செத்தது என்றால், அதை அறிந்தவர் யார்? தகப்பனை வைத்திருந்த வளர்ப்பாளர் ஒருவர்தான். உங்கள் பதிவேட்டில் அது இன்றும் பட்டம் வென்ற கடுவன். அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பட்டத்தின் பேரில்தான் விலைபோகின்றன. இறந்த வயதை எழுத ஒரு கட்டம் இருந்திருந்தால், அடுத்து வாங்க வருபவர் அதைப் பார்த்துவிட்டு வேறு வம்சத்தைத் தேடியிருப்பார். நல்ல வளர்ப்பாளரும் தன் பெட்டையை அந்த வழியில் சேர்த்திருக்க மாட்டார்.

எந்த இனம் நெடுநாள் வாழும் என்பதற்குக் கணக்கு இல்லாமல் இல்லை. 2024-இல் பிரிட்டனில் ஏறக்குறைய 8,000 பூனைகளின் இறப்பை வைத்து ஓர் ஆயுள் அட்டவணை வெளியானது. பர்மீஸ், பர்மன் இரண்டுக்கும் பிறப்பிலிருந்து எதிர்பார்க்கும் ஆயுள் 14.4 ஆண்டு. கலப்பினப் பூனைகளுக்கு 11.9. பாரசீகப் பூனைக்கு 10.9. மெய்ன் கூனுக்கு 9.7. ரோமமில்லாத ஸ்பிங்ஸுக்கு வெறும் 6.7. சில இனங்களில் கணக்குக்குக் கிடைத்த பூனைகள் குறைவு என்பதால், தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வாதாடப் போவதில்லை. எங்கள் ஆதங்கம் வேறு. அந்தக் கணக்கு கால்நடை மருத்துவமனைகளின் சிகிச்சைப் பதிவுகளிலிருந்து திரட்டப்பட்டது. பூனை இனங்களுக்கென்றே பதிவேடு வைத்திருக்கும் நீங்கள்தான் ஆயுளைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள்; 1906-இலும் 1910-இலும் தொடங்கிய அமைப்புகளும் உங்களில் உண்டு. நூறாண்டுக்கு மேல் பிறப்பை மட்டும் எழுதிவந்தால் ஆயுளை எப்படிக் கணக்கிடுவது?

இனப்பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது. பட்டியலில் முதலிடத்தில் நிற்கும் பர்மீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, கழுத்து தொங்கி, தலையைத் தூக்க முடியாமல் தள்ளாடும் நோய் இந்த இனத்தில் பரம்பரையாக வருகிறது. அதற்கான மரபணு 2012-இல் தெரிந்துவிட்டது. பரிசோதனை இருக்கிறது. நீரிழிவும் இந்த இனத்தின் சில வம்சங்களில் கூடுதல். ஆகவே "பர்மீஸ் வாங்குங்கள்" என்பது பாதி பதில்தான். எந்த வம்சத்துப் பர்மீஸ், தாய் தகப்பனுக்கு என்ன முடிவு வந்தது என்பதுதான் மீதிப் பாதி. அபிசீனியன், சோமாலி என்றால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் நொதிக்குறைபாடும், மெல்ல மெல்லப் பார்வை போகும் விழித்திரைத் தேய்வும் பார்க்க வேண்டும். பாரசீகம், எக்ஸாட்டிக் என்றால் சிறுநீரக நீர்க்கட்டி நோய்.

இந்த நீர்க்கட்டி நோய் ஒன்றே போதும், பரிசோதனையைக் கட்டாயமாக்கினால் என்ன நடக்கும் என்று காட்ட. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக இருக்கும்; தாயிடமோ தகப்பனிடமோ இந்த நோய்க்கான பழுதான மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு நோய் போகும். பிறக்கும்போதே இருக்கும் நுண்கட்டிகள் வளர்ந்து வளர்ந்து, நடுவயதில் சிறுநீரகத்தை முடக்கும். ஒருகாலத்தில் பல நாடுகளில் எடுத்த கணக்குகளில் பாரசீகப் பூனைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த நோய் இருந்தது. 2004-இல் மரபணு தெரிந்தது. நோயுள்ள பூனையை இணைசேர்க்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு நோய் போக வழியே இல்லை. ஒரு தலைமுறையில் ஒழிக்கக்கூடிய நோயை இன்னும் வளர்ப்பாளரின் விருப்பத்துக்கு விட்டு வைத்திருப்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

"இவ்வளவு கடுமையாக இருந்தால் மரபணு வளம் சுருங்கிவிடும்" என்று உங்கள் தரப்பில் சொல்வதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. மெய்ன் கூன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இதய நோய்க்கான அந்த மரபணு மாற்றத்தைச் சுமக்கிறது; எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒதுக்கினால் வேறு கேடு வரும். நாங்கள் ஒதுக்கச் சொல்லவில்லை, வெளியே சொல்லச் சொல்கிறோம். ஒரு பிரதி மட்டும் உள்ள பூனையை மாற்றமே இல்லாத பூனையோடு சேர்த்து, குட்டிகளைச் சோதித்து, மாற்றம் இல்லாதவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு பிரதி உள்ளதை இணைசேர்க்கவே கூடாது. நொதிக்குறைபாடு போன்ற, இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே வரும் ஒடுங்கு மரபு நோய்களில், சுமக்கும் பூனையைச் சுமக்காததோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது. மரபணு வளம் பற்றி உண்மையிலேயே கவலை இருந்தால், உள்ளிணைவு அளவையும், அதாவது பெற்றோர் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதையும், சான்றிதழில் அச்சிடுங்கள். உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் குட்டிக்கு 25 சதவீதம், பாதி உடன்பிறப்பு என்றால் 12.5. வம்சாவளி உங்கள் கையில்தான் இருக்கிறது. கணினி ஒரு நொடியில் கணக்கிட்டுவிடும்.

படிவத்தை மாற்றும்போது சில ஓட்டைகளையும் சேர்த்து அடையுங்கள். மாதிரியை வளர்ப்பாளரே எடுத்து அனுப்பினால், அது எந்தப் பூனையின் எச்சில் என்று யாருக்கும் தெரியாது. கால்நடை மருத்துவர் மைக்ரோசிப் எண்ணைப் படித்துப் பார்த்து, தானே மாதிரி எடுத்து, அந்த எண்ணோடு அனுப்ப வேண்டும். பால் குடிக்கும் குட்டியின் வாயில் தாயின் செல்கள் ஒட்டியிருந்தால் முடிவு தப்பாக வரலாம்; மாதிரி எடுப்பதற்குமுன் சிறிது நேரம் பால்குடியை நிறுத்த வேண்டும். "பெற்றோர் நோயற்றவை, ஆகவே குட்டியும் நோயற்றது" என்று தலைமுறை தலைமுறையாக எழுதிக்கொண்டே போவதையும் நிறுத்த வேண்டும். இடையில் ஒரு தகப்பன் பெயர் தப்பாகியிருந்தால் எல்லாமே தப்பு. எக்கோ ஸ்கேனுக்குத் தேதி வேண்டும், எடுத்தவர் பெயர் வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு முந்தியது செல்லாது. "பரிசோதனை செய்யப்பட்டது" என்ற வெறும் வாசகத்தை ஏற்காதீர்கள். என்ன பரிசோதனை, என்ன முடிவு என்று எழுத வையுங்கள்.

பரிசோதனையே தேவைப்படாத ஒன்றும் உண்டு. மடிந்த காதுள்ள ஸ்காட்டிஷ் ஃபோல்ட். 1961-இல் ஸ்காட்லாந்தின் ஒரு பண்ணையில் இருந்த ஒரு வெள்ளைப் பூனையிலிருந்து இந்த இனம் வந்தது. காதுக் குருத்தெலும்பை மடியவைக்கும் அதே கோளாறுதான் மூட்டுக் குருத்தெலும்பையும் கெடுக்கிறது. 2016-இல் மரபணுவும் அடையாளம் காணப்பட்டது. காது மடிந்த பூனை ஒவ்வொன்றுக்கும் அந்த நோய் கூடவோ குறையவோ இருக்கும். நிமிர்ந்த காதுப் பூனையோடு சேர்த்தாலும் மடிந்த காதோடு பிறக்கும் குட்டி அதிலிருந்து தப்பாது. வால் விறைக்கும், பின்னங்கால் மூட்டுகளில் எலும்பு முடிச்சிடும். உயரத்துக்குத் தாவாமல் அது ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது வலியால். அதைத்தான் "சாந்தமான இனம்" என்று விளம்பரம் செய்து விற்கிறார்கள். பிரிட்டனின் பதிவேடு 1970-களின் தொடக்கத்திலேயே இதைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. நெதர்லாந்தில் 2014 முதல் இனப்பெருக்கத்துக்கே தடை. அப்படியிருக்க, மற்ற சில பதிவேடுகள் இன்றும் பட்டம் கொடுக்கின்றன. குட்டைக்கால் மன்ச்கின் கதையும் ஏறக்குறைய இதுதான்: அந்த மரபணுவின் இரண்டு பிரதி கிடைத்த கரு பிறப்பதே இல்லை. மூக்கு கண்களுக்கு நடுவே ஏறிப்போய், கண்ணீர் வடிய, மூச்சுக்குத் திணறும் தட்டைமுகத்துக்குக் கண்காட்சி மேடையில் முதல் பரிசு கொடுத்தால், அடுத்த ஈற்றில் இன்னும் தட்டையான முகத்தைத்தான் வளர்ப்பாளர் தேடுவார். ஓர் இனத்தின் தோற்றம் எப்படி இருக்க வேண்டும் என்ற தரவிதியை எழுதுவது நீங்கள். நடுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் நீங்கள். விலங்குகளின் வலிக்கு விற்பவரையும் வாங்குபவரையும் மட்டும் குறைசொல்லிக்கொண்டிருப்பது எத்தனை காலத்துக்கு?

கோபம் சற்று முந்திவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் பூனைகள் மேல் உள்ள உண்மையான பிரியத்தில்தான் ஊதியம் வாங்காமல் இந்தப் பணியைச் செய்கிறீர்கள் என்பதை அறிவோம். கேட்பது நடக்காத காரியமும் இல்லை. இதய ஸ்கேன், நீர்க்கட்டிப் பரிசோதனை முடிவுகளைப் பூனையின் பெயரோடு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடும் சுகாதாரத் திட்டங்கள் ஐரோப்பாவில் ஏற்கெனவே நடக்கின்றன. மனமுவந்து சேரும் வளர்ப்பாளர்களை வைத்தே அவர்களால் முடிகிறது. பதிவுச் சான்றிதழை வழங்கவும் மறுக்கவும் அதிகாரம் உள்ள உங்களால் இன்னும் எளிதாக முடியும்.

எனவே பணிவோடு மறுபடியும் கேட்கிறோம். பெற்றோரின் டிஎன்ஏ முடிவும் ஓராண்டுக்குள் எடுத்த எக்கோ முடிவும் இணைக்காத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். மடிந்த காதுப் பூனைகளின் பதிவை நிறுத்துங்கள். இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த ஒவ்வொரு பூனைக்கும் இறந்த தேதி, காரணம் என்று இரண்டு கட்டங்களைப் பதிவேட்டில் சேருங்கள். வளர்ப்பாளர் அதை நிரப்பாவிட்டால், அந்த வம்சத்தின் அடுத்த ஈற்றைப் பதிய மறுத்துவிடுங்கள். குட்டியை வாங்கியவரும் பின்னாளில் அதே கட்டங்களை நிரப்பச் சான்றிதழிலேயே வழி செய்யுங்கள். உங்கள் அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொண்டு, என்ன முடிவு செய்தீர்கள் என்பதைக் காரணத்தோடு பொதுவில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பூனை வாங்குவோருக்கு இனம் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொல்லும் நாங்கள்