மாலதிக்கு ஒரு கடிதம்

காரைக்குடி

அன்புள்ள மாலதி,

உன் கடிதமும், நீ பித்தப்பை ஆபரேஷன் செய்த அம்மா நஷ்டஈடு கேட்டு வக்கீல் மூலம் அனுப்பிய நோட்டீஸின் நகலும் வந்து சேர்ந்தன. போனில் பேசினால் இரண்டு பேருமே பதறுவோம், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அவசரமானவை. நோட்டீஸுக்கு நீயே பதில் எழுதாதே. இந்த மாதிரி நஷ்டஈட்டு வழக்குக்காக நீ எடுத்த இன்சூரன்ஸ், அந்த இன்டெம்னிட்டி பாலிசி கொடுத்த கம்பெனிக்கு இன்றே எழுத்தில் தெரிவித்துவிடு, தாமதித்தால் அதையே காரணம் காட்டிக் கைவிரிப்பார்கள். கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்துகூட மாற்றாதே, எதையும் செருகாதே. விட்டுப்போனது ஏதாவது இருந்தால் வக்கீலிடம் சொல். அப்புறம், அந்த அம்மா கேட்ட ரெக்கார்டை உங்கள் மேனேஜ்மென்ட் இழுத்தடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதை உடனே கொடுக்கச் சொல். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. மறைக்க ஒன்றும் இல்லாத கேஸில் மறைப்பதுபோல் நடந்துகொண்டால் யார்தான் நம்புவார்கள்?

போலீஸ் வருமோ என்று உன் வீட்டுக்காரர் பயப்படுகிறாராம். இது நஷ்டஈடு கேட்கும் நுகர்வோர் விவகாரம். நோயாளி இறந்துபோன கேஸ்களிலேயே, மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு நிற்கும், வேறொரு டாக்டரின் நடுநிலையான கருத்தைக் கேட்காமல் நடவடிக்கை எடுக்கக் கூடாது, வழக்கமாகக் கைது செய்துவிடவும் கூடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவரை நிம்மதியாகத் தூங்கச் சொல்.

சிகிச்சையைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. பித்தப்பையைச் சுற்றி எல்லாம் ஒட்டிப்போய், எது குழாய் எது ரத்தநாளம் என்று தெரியாதபோது, சின்னத் துளை வழியாகச் செய்த லேப்ராஸ்கோப்பை நிறுத்திவிட்டு வயிற்றைத் திறந்தாய். பிடிவாதமாகத் துளை வழியாகவே தொடர்ந்திருந்தால் பித்தநாளம் வெட்டுப்பட்டிருக்கலாம். நீ அவருக்கு நல்லதுதான் செய்தாய்.

ஆனால் நோட்டீஸை மறுபடி நிதானமாகப் படி. "சின்னத் துளைதான் என்றார்கள். கண் விழித்தால் வயிற்றில் நீளத் தையல். ஏன் என்று யாரும் சொல்லவில்லை." அதற்குப் பிறகு வரும் நான்கு பக்கமும் வக்கீல் எழுதியது. இந்த மூன்று வரி மட்டும் அந்த அம்மாவுடையது. ஆபரேஷன் முடிந்த அன்று நீ அடுத்த கேஸுக்குப் போய்விட்டாய், மறுநாள் ரவுண்ட்ஸில் டியூட்டி டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த அம்மாவுக்குக் காரணம் சொல்ல அங்கே ஆளே இல்லை.

சம்மதப் படிவத்தில் 'தேவைப்பட்டால் திறந்து செய்யப்படும்' என்று இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. உன் பக்கத்துக்கு அது பலம்தான். சமீரா கோலி வழக்கில் (2008) சோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் சம்மதித்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அது செல்லாது என்று தீர்ப்பானது. உன் கேஸ் அப்படியில்லை. ஆனால் அந்த வரி ஆங்கிலத்தில், அட்மிஷன் கவுண்டரில், மற்ற பத்துத் தாள்களோடு நீட்டப்பட்டது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு அது எப்படிப் புரிந்திருக்கும்?

போன வருஷம் இங்கே ஒரு பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவே இல்லை, கர்ப்பப்பையை எடுத்தால்தான் உயிர் என்ற நிலை. மயக்க டாக்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தியேட்டர் கதவுவரை வந்து கணவரையும் மாமியாரையும் கூப்பிட்டு இரண்டே நிமிஷத்தில் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார்தான் அந்த வீட்டில் முடிவெடுப்பவர் என்பது எனக்கு முன்னமே தெரியும். மறுநாள் அந்தப் பெண்ணின் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். அழுதாள், கோபப்பட்டாள், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். அந்த வீட்டு நாத்தனார் இப்போது என்னிடம்தான் செக்கப்புக்கு வருகிறாள். பேசினால் வழக்கே வராது என்று நான் சொல்ல மாட்டேன். பேசாமல் விட்டால் கோபம் வக்கீலைத்தான் தேடிப் போகும்.

இனி சிக்கலான கேஸ் எதையும் தொடமாட்டேன், எல்லாரையும் திருநெல்வேலிக்கு அனுப்பிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை வருத்துகிறது. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் கட்டணம் வாங்கும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பானபோது, நம் சீனியர்கள் தொழிலே போச்சு என்றார்கள். போகவில்லை. கோவில்பட்டியில் ராத்திரி குடல் வெடித்து வருகிறவனுக்கு நீ இல்லாவிட்டால் யார் இருக்கிறார்கள்? பயந்துபோய் எல்லாருக்கும் சி.டி. ஸ்கேன் எழுதுவதும், வாசலோடு அனுப்பிவிடுவதும் உனக்குப் பாதுகாப்பாகத் தெரியலாம், அந்த நோயாளிக்கு அதில் என்ன பாதுகாப்பு?

அந்த அம்மா ரிவ்யூவுக்கு வந்தால் வழக்கம்போலவே பார். கோபத்தைக் காட்டாதே. நேரில் உட்கார்ந்து விளக்கலாமா என்று வக்கீலிடம் கேள். அவர் சரி என்றால் டியூட்டி டாக்டரை அனுப்பாதே, நீயே பேசு.

இங்கே எல்லாரும் நலம். சின்னவள் ஹவுஸ் சர்ஜன்சி ஆரம்பித்துவிட்டாள், வீட்டுக்கு வந்தால் தூக்கம்தான்.

மாதக் கடைசி ஞாயிறு கோவில்பட்டி வருகிறேன். உங்கள் சம்மதப் படிவங்களை எல்லாம் ஒரு செட் நகல் எடுத்து வை. இரண்டு பேருமாக உட்கார்ந்து தமிழில் எழுதிவிடலாம். பித்தப்பையிலிருந்தே தொடங்குவோம்.

அன்புடன்,
கலா